வீடு கட்டும்போது யார் எதற்குப் பொறுப்பு: கடைக்கால் வெட்டுவதற்கு முன் எழுதி முடிக்க வேண்டியவை

சென்னையில் மடிப்பாக்கத்திலோ கொளத்தூரிலோ அரை கிரவுண்டு மனையில், அதாவது 1200 சதுர அடியில், கீழும் மேலுமாக ஒரு வீடு கட்டி முடிப்பதற்குள் எத்தனை பேர் வந்துபோகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சர்வேயர், மண் பரிசோதனை செய்பவர், பிளான் போடும் ஆர்க்கிடெக்ட், கம்பிக் கணக்குப் போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், கான்ட்ராக்டர், அவருடைய சைட் இன்ஜினியர், மேஸ்திரி, கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், காங்கிரீட்டுக்குப் பலகையும் முட்டும் அடிக்கும் சென்டரிங்காரர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர், டைல்ஸ் போடுபவர், பெயின்டர், வாட்டர்புரூஃபிங் ஆட்கள். இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் வேலை நன்றாகவே தெரியும். அப்படியிருந்தும் பாத்ரூம் சுவரில் ஈரம் ஏறுகிறது, ஃபேன் பாக்ஸ் அறையின் நடுவில் இல்லை, கதவு டைல்ஸில் உரசுகிறது. காரணத்தைத் தேடிப் போனால், ஒருவர் வேலையை விட்ட இடத்துக்கும் அடுத்தவர் தொடங்கிய இடத்துக்கும் நடுவில்தான் அது இருக்கும். அந்த நடு இடம் யாருடைய பொறுப்பு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெரும்பாலான ஒப்பந்தங்களில் பொறுப்புகள் பதவி வாரியாக எழுதப்பட்டிருக்கும். ஆர்க்கிடெக்ட் டிசைனுக்கு, இன்ஜினியர் மேற்பார்வைக்கு, கான்ட்ராக்டர் கட்டுமானத்துக்கு என்று ஒரு பத்தியில் முடித்துவிடுவார்கள். இதனால் ஒரு பயனும் இல்லை. மேற்பார்வை என்றால் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பதா, காங்கிரீட் போடும் நாளில் முழுக்க நிற்பதா? கம்பியை எண்ணிப் பார்ப்பதும் அதில் சேருமா? சண்டை வந்த பிறகுதான் ஒவ்வொருவரும் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் வைத்திருந்தார் என்பது தெரிய வரும்.

ஆட்களை வைத்து எழுதாமல் வேலைகளை வைத்து எழுத வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கேள்விகள். கையால் செய்பவர் யார்? அது சரியாக நடந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? யாரைக் கேட்காமல் அதைத் தொடங்கக் கூடாது? முடிந்ததும் யாருக்குச் சொல்ல வேண்டும்? நிர்வாக வகுப்புகளில் ரேசி என்று கற்றுத்தரும் அட்டவணை இதுதான். ஓ.எம்.ஆர். ஐ.டி. அலுவலகங்களில் இதைப் போட்டே பழகியவர்கள் சொந்த வீடு கட்டும்போது மட்டும் எல்லாவற்றையும் வாய்வார்த்தையில் விட்டுவிடுகிறார்கள். கட்டட வேலைக்கு இன்னும் இரண்டு கட்டங்கள் தேவை: எந்தத் தேதிக்குள், எதைப் பார்த்தால் வேலை முடிந்ததாக ஒப்புக்கொள்ளலாம். ஒரு தனி வீட்டுக்கு 40 முதல் 50 வரிசைகள் போதும். ஏ3 தாளில் அச்சிட்டால் சைட்டில் ஒட்டி வைக்கலாம்.

இந்த அட்டவணையில் தளர்த்தவே கூடாத விதி ஒன்று உண்டு. பதில் சொல்ல வேண்டியவர் என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். 'கான்ட்ராக்டரும் இன்ஜினியரும்' என்று எழுதினால் இருவருமே அடுத்தவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிடுவார்கள். அதோடு, பதவியை எழுதாமல் ஆளின் பெயரையும் போன் நம்பரையும் எழுதுங்கள். 'சைட் இன்ஜினியர்' என்று எழுதினால், பாதி வேலையில் அவர் வேறு சைட்டுக்கு மாறும்போது அந்த வரிசையும் காணாமல் போகும். பெயர் இருந்தால், அதை அடித்து அடுத்த பெயரை எழுத வேண்டிய கட்டாயம் வரும். பொறுப்பு கைமாறியது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

லேபர் கான்ட்ராக்டா, ஃபுல் கான்ட்ராக்டா

அட்டவணை போடுவதற்கு முன்பே இது முடிவாகியிருக்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பெயர்கள் இதனால் மாறும். ஃபுல் கான்ட்ராக்டில் பொருளும் ஆளும் கான்ட்ராக்டருடையது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட். லேபர் கான்ட்ராக்டில் பொருள் வீட்டுக்காரருடையது, கூலி மட்டும் கான்ட்ராக்டருக்கு. செலவு குறையும் என்று லேபர் கான்ட்ராக்டுக்குப் போகிறவர்கள், அந்த நிமிடமே கொள்முதல் செய்பவர், ஸ்டோர் கீப்பர், தரம் பார்ப்பவர் என்ற மூன்று வேலைகள் தங்கள் தலையில் ஏறிவிட்டதை உணர்வதில்லை. சிமென்ட் வராமல் கொத்தனார் சும்மா உட்கார்ந்தால் அன்றைய கூலி வீட்டுக்காரர் கணக்கில்தான் வரும்.

பொருள் வாங்குவதை ஒரே வரிசையாக எழுதக் கூடாது. கேட்பது, ஆர்டர் கொடுப்பது, இறக்கி எண்ணுவது, பணம் கொடுப்பது என்று நான்காகப் பிரித்தால்தான் கணக்கு நிற்கும். மேஸ்திரி மூன்று நாட்களுக்கு முன் தேவையை எழுதிக் கொடுக்க வேண்டும். நகருக்குள் பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் எம் சாண்டும் ஜல்லியும் பெரும்பாலும் இரவில்தான் வரும். அந்த நேரத்தில் இறக்கி அளப்பது யார்? வாட்ச்மேன் என்றால் அவருக்கு லாரியின் நீள, அகல, உயரத்தை டேப்பால் அளந்து 100 கன அடி ஒரு யூனிட் என்று கணக்குப் போடச் சொல்லித்தர வேண்டும். கம்பியை எண்ணிக்கையில் மட்டும் வாங்காமல் எடைமேடைச் சீட்டோடு வாங்குங்கள். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 மி.மீ. கம்பிக்கு 0.395, 12 மி.மீ. கம்பிக்கு 0.888, 16 மி.மீ. கம்பிக்கு 1.58. 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி ஒன்று சுமார் 10.7 கிலோ இருக்க வேண்டும். சீட்டில் வரும் எடையையும் இந்தக் கணக்கையும் ஒப்பிடுவது ஒருவரின் பெயரில் இருக்கட்டும். பணம் கொடுப்பவர் வேறொருவராக இருக்கட்டும்.

வீட்டுக்காரரின் வரிசைகள்

வீட்டுக்காரர் பணம் கொடுப்பவர் மட்டும்தான் என்று நினைத்து அவர் பெயரை அட்டவணையில் சேர்க்காமல் விடுவது பெரிய தவறு. எங்கள் அனுபவத்தில் வேலை நின்றுபோகும் நாட்களில் கணிசமானவை வீட்டுக்காரர் முடிவு சொல்லாததால் வருபவை.

முதல் பொறுப்பு அனுமதி. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டத்தில், 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை தரைத்தளமோ, தரைத்தளமும் முதல் தளமுமோ கட்ட ஒற்றைச்சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். மேலே சொன்ன அரை கிரவுண்டு வீடு இதற்குள் அடங்கும். வேலை சுலபமாகிவிட்டது என்று மட்டும் இதைப் படிக்கக் கூடாது. சான்று கொடுப்பவர் வீட்டுக்காரர் என்பதால், பக்கவாட்டில் விட வேண்டிய இடம், அதாவது செட்பேக், குறைந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். ஆகவே 'பிளானில் உள்ளபடி செட்பேக் விட்டிருக்கிறதா' என்று மார்க்கிங் நாளன்று டேப் வைத்துப் பார்க்கும் வரிசையில் கையெழுத்துப் போட வேண்டியவர் வீட்டுக்காரர். நூல் பிடிப்பவர் மேஸ்திரி. அளவு சொல்பவர் சைட் இன்ஜினியர். பத்திரத்தில் உள்ள அளவும் பட்டாவில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் வேறு வேறாக இருப்பது சென்னையில் சாதாரணம். எந்த அளவை வைத்து மார்க் செய்வது என்பதை சர்வேயர் அளந்து கொடுத்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, தரைமட்டம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு எழுதி வாங்குவது வீட்டுக்காரரின் வேலை. ரோடு மறுபடி போடும்போது உயரும் என்பதையும் கணக்கில் எடுத்து, வீட்டுத் தரை நிற்க வேண்டிய பிளின்த் மட்டத்தை பிளானில் எண்ணாகப் போடுவது ஆர்க்கிடெக்டின் வேலை. அந்த மட்டத்தைக் காம்பவுண்டுச் சுவரிலோ எதிரேயுள்ள கம்பத்திலோ பெயின்டில் குறித்து, கடைசி வரை அழியாமல் காப்பது சைட் இன்ஜினியரின் வேலை. மூன்றும் மூன்று பேரிடம் இருப்பதால் மூன்று தனி வரிசைகள். ஒரே வரிசையாக்கினால் 'ரோட்டிலிருந்து மூணு அடி' என்ற வாய்வார்த்தைதான் மிஞ்சும். எந்த ரோடு, இன்றைய ரோடா, ஆறு மாதம் கழித்துப் போடப்போகும் ரோடா என்று அதில் இருக்காது.

மூன்றாவது, பொருள் தேர்வு. இங்கேதான் தேதிக் கட்டம் மிக முக்கியம். தரைக்கு கிரானைட்டா டைல்ஸா என்பது, அடியில் வரும் கலவையோடு சேர்த்து மொத்தத் தடிமன் எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும். அது கதவு நிலை நிறுத்துவதற்கு முன்பே தெரிய வேண்டும். சுவரில் தொங்கும் கிளாசெட்டா, தரையில் நிற்பதா என்பது பாத்ரூம் தளத்தை எவ்வளவு இறக்கிப் போட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். அது சென்டரிங் அடிப்பதற்கு முன். ஏசி எங்கே மாட்டுவது, அதன் தண்ணீர்க் குழாய் எந்தச் சரிவில் வெளியே போவது என்பது பூச்சுக்கு முன். மாடுலர் கிச்சன் வரைபடம் சுவரில் எலக்ட்ரிகல் காடி வெட்டுவதற்கு முன். இன்வெர்ட்டரும் மாடியில் சோலாரும் பிறகு வைக்கும் எண்ணமிருந்தால் வெறும் பைப்பையாவது தளத்தில் இப்போதே பதிக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் வீட்டுக்காரர் பெயரில் தேதியோடு இருக்க வேண்டும்; தேதி தவறினால் கான்ட்ராக்டரின் கெடு அத்தனை நாள் தானாக நீளும் என்றும் எழுதிக்கொள்வதுதான் நியாயம்.

இன்னொன்று, வீட்டுக்காரர் என்பது எந்த நபர்? அப்பா காலையில் சைட்டுக்கு வந்து, "மேஸ்திரி, இந்த ஜன்னலை ஒரு அடி அந்தப் பக்கம் தள்ளிடுங்க" என்பார். மேஸ்திரியும், "சரிங்க ஐயா" என்று நூலை மாற்றிக் கட்டிவிடுவார். சாயந்திரம் மகள் வீடியோ காலில் பார்த்து, "யார் மாத்தச் சொன்னது?" என்று கேட்பார். மேஸ்திரி மேல் தவறே இல்லை. குடும்பத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். சைட்டுக்குச் சொல்பவர் ஒருவர், சைட்டில் கேட்டுக்கொள்பவர் ஒருவர் என்று இருக்க வேண்டும். மற்ற யார் என்ன சொன்னாலும், "நல்லதுங்க, சார்கிட்ட சொல்லி எழுதி வாங்கிடுறேன்" என்று பதில் சொல்ல மேஸ்திரிக்குத் துணை அந்த அட்டவணைதான். பெரியவர் முகத்துக்கு நேரே மறுக்க முடியாத சங்கடத்திலிருந்து அது அவரைக் காப்பாற்றும்.

மண்ணும் அஸ்திவாரமும்

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் களிமண். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடலோரத்தில் மணல். பரங்கிமலைப் பக்கம் பாறை. பக்கத்து வீட்டில் ஐந்தடி தோண்டினார்கள் என்பதை வைத்து ஆழத்தை முடிவு செய்யும் பழக்கம் இன்னும் போகவில்லை. சிறிய வீட்டுக்கு நடுவில் ஒரு போர்ஹோல் போட்டாலே போதுமான தகவல் கிடைக்கும். பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது வீட்டுக்காரர், ஆழத்தையும் அஸ்திவார வகையையும் முடிவு செய்வது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். குழி வெட்டிய பிறகு அவர் வந்து குழிக்குள் பார்த்த பிறகே பி.சி.சி., அதாவது கம்பியில்லாத அடிக்காங்கிரீட், போட வேண்டும், அவரை அழைப்பது யார், எத்தனை மணி நேரம் முன்னதாக அழைப்பது என்பது தனி வரிசை. கடலோர மனைகளில் உப்புக்காற்று கம்பியை அரிக்கும் என்பதால் காங்கிரீட்டின் பலத்தைக் குறிக்கும் கிரேடும், கம்பியை மூடியிருக்கும் காங்கிரீட் தடிமனான கவரும் கூடும். கடலோரச் சூழலுக்குத் திறந்திருக்கும் காங்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி குறைந்தது எம்30 கிரேடும் 45 மி.மீ. கவரும் கேட்கிறது. எந்த வகையில் நம் மனை வரும் என்று எழுத்தில் கொடுக்க வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரே; கான்ட்ராக்டரோ சிமென்ட் கடைக்காரரோ சொல்லும் யோசனை இதில் செல்லாது.

பக்கத்துச் சுவரை ஒட்டிக் குழி வெட்டுவதாக இருந்தால், அந்த வீட்டில் ஏற்கெனவே உள்ள விரிசல்களை அவர்கள் முன்னிலையிலேயே தேதியோடு படம் எடுத்து வைக்க வேண்டும். இதை வீட்டுக்காரர் போய்ப் பேசினால் மரியாதையாக முடியும். கான்ட்ராக்டரின் ஆள் போனால் சந்தேகமாக மாறும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. குழி திறந்திருக்கும்போது மழை வந்தால் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை யார் கொண்டுவருவது, இரவில் யார் ஓட்டுவது, டீசலோ கரண்டோ யார் செலவு என்பதையும் ஒரு வரிசையில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் குழி ஓரம் சரியும். மண்ணை மறுபடி எடுக்கும் கூலிக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

தளம் போடும் நாள்

அட்டவணையில் அதிக வரிசைகள் இதற்குத்தான். அவசரமும் ஆட்களும் ஒரே நாளில் குவிவதால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்பது அவசியம்.

முந்தைய மூன்று நாட்களின் வரிசைமுறை இப்படி இருக்க வேண்டும்: சென்டரிங் அடித்து மட்டம் பார்த்தல், அடிக்கம்பி கட்டுதல், எலக்ட்ரீஷியன் பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைத்தல், பிளம்பர் குழாய் போகும் துளைக்கான ஸ்லீவ் வைத்தல், மேல்கம்பியும் எக்ஸ்ட்ரா கம்பியும் கட்டுதல், கவர் பிளாக் வைத்தல், சோதனை. எலக்ட்ரீஷியன் தாமதமாக வந்தால் கட்டி முடித்த கம்பியை அவிழ்த்து நகர்த்தி பாக்ஸை நுழைப்பார். நகர்த்திய கம்பியை மறுபடி கட்ட வேண்டியது யார்? அவருக்குக் கட்டத் தெரியாது. கம்பி கட்டுபவர் வேலை முடித்துப் போயிருப்பார். 'எலக்ட்ரீஷியன் முடிக்கும் வரை கம்பி கட்டுபவரின் ஆள் ஒருவர் சைட்டில் இருக்க வேண்டும்' என்று ஒரே ஒரு வரி எழுதினால் இது தீர்ந்துவிடும்.

கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் என்பது சின்ன விஷயமாகத் தெரியும். தளத்துக்கு 20 மி.மீ., தூணுக்கு 40, ஃபுட்டிங்குக்கு 50 என்று சாதாரணச் சூழலுக்கான குறைந்த அளவுகள். வாங்கி வருவது கான்ட்ராக்டர், வைப்பது கம்பி கட்டுபவர், ஆனால் சித்தாள்கள் கம்பி மேல் நடந்து அவை கவிழ்ந்த பிறகு நிமிர்த்தி வைப்பவர் யாரும் இல்லை. காங்கிரீட் கொட்டும் இடத்துக்கு முன்னே போய்க்கொண்டே கவர் பிளாக்கையும் மேல்கம்பியையும் சரிசெய்ய ஒரு ஆளைப் பெயர் சொல்லி நிறுத்துங்கள். நடப்பதற்குப் பலகை போடுவதும் அவர் கையில்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு 48 மணி நேரம் முன்பே தகவல் போக வேண்டும். அவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், பிளான்ட்டில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் காங்கிரீட் ஆர்டரை உறுதி செய்யக் கூடாது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். லாரியைக் காலை ஆறு மணிக்கு வரச்சொல்லிவிட்டு, இன்ஜினியரை ஐந்து மணிக்கு அழைக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு குறை கண்ணில் பட்டாலும் யாராலும் நிறுத்த முடியாது.

800 சதுர அடித் தளம், 5 அங்குலத் தடிமன் என்றால் தளத்துக்கு மட்டும் ஏறக்குறைய 9.5 கன மீட்டர். பீம்களைச் சேர்த்தால் 13-ஐ ஒட்டி வரும். லாரி ஒன்றுக்கு 6 கன மீட்டர் என்றால் மூன்று லாரி, கடைசியில் கொஞ்சம்தான். அளவைக் கணக்குப் போட்டுச் சொல்பவர் ஒருவர், இரண்டாம் லாரி பாதி இறங்கும்போது மீதியை அளந்து மூன்றாம் லாரிக்கு எவ்வளவு வேண்டும் என்று பிளான்ட்டுக்குச் சொல்பவர் ஒருவர். இருவரும் ஒரே ஆளாக இருக்கலாம். ஆனால் பெயர் வேண்டும். தெருவில் லாரியும் பம்பும் நிற்க இடம், மேலே போகும் ஒயர்கள், எதிர் வீட்டுக் காரை நகர்த்தச் சொல்வது எல்லாம் வீட்டுக்காரர் முதல் நாளே பார்க்க வேண்டியவை.

லாரி வந்ததும் சலானில் உள்ள கிரேடையும் பிளான்ட்டில் ஏற்றிய நேரத்தையும் பார்ப்பவர் சைட் இன்ஜினியர். ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது ரெடிமிக்ஸுக்கான ஐ.எஸ். 4926 விதி. காலைப் போக்குவரத்தில் சிக்கிய லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று முன்கூட்டியே எழுதியிருந்தால்தான் அவர் அதைப் பயன்படுத்துவார். காங்கிரீட் கெட்டியாக இருக்கிறது என்று டிரம்மில் தண்ணீர் ஊற்றச் சொல்வது எல்லா சைட்டிலும் நடப்பது. அது பலத்தைக் குறைக்கும். இந்த வரிசையில் அனுமதி கொடுப்பவர் இடத்தில் 'யாரும் இல்லை' என்று எழுதுங்கள். இளக வேண்டுமென்றால் பிளான்ட்டின் ஆளே அதற்கான ரசாயனமான அட்மிக்ஸ்சர் சேர்க்கட்டும்.

6 முதல் 15 கன மீட்டர் வரை காங்கிரீட் போட்டால் ஐ.எஸ். 456 இரண்டு சாம்பிள் கேட்கிறது. ஒரு சாம்பிளுக்கு, பலம் சோதிக்க வார்க்கும் 150 மி.மீ. காங்கிரீட் கட்டி, அதாவது கியூப், மூன்று. 28 நாள் சோதனைக்கு ஆறு, 7 நாளில் முன்கூட்டிப் பார்க்க இன்னும் மூன்று, ஆக ஒன்பது. வார்ப்பது ரெடிமிக்ஸ் ஆட்கள் என்றாலும் அதைத் தண்ணீரில் போட்டு வைப்பது, தேதி எழுதுவது, லேபுக்குக் கொண்டுபோவது, ரிசல்ட்டை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு அனுப்புவது ஆகியவை எல்லாம் ஒரே பெயரில் இருக்கட்டும். பெயர் இல்லாத கியூப்கள் கடைசியில் படிக்கட்டுக்கு முட்டுக்கொடுக்கத்தான் போகும். வைப்ரேட்டர் இரண்டு வேண்டும், ஒன்று ஓட, ஒன்று உபரி. இரண்டையும் முதல் நாள் சாயந்திரம் ஓட்டிப் பார்ப்பது சென்டரிங்காரரா, மேஸ்திரியா? ஒருவரை எழுதுங்கள். நடுவில் மழை வந்தால் நிறுத்தச் சொல்பவரும், பிறகு போடும் காங்கிரீட் வந்து சேர எந்த இடத்தில் ஜாயின்ட் விடலாம் என்று சொல்பவரும் வேறு வேறு ஆட்கள். முன்னவர் சைட் இன்ஜினியர், பின்னவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். பின்னவர் அன்று போனில் கிடைக்க வேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டும்.

தண்ணீர் விடுவதும் பலகை பிரிப்பதும்

கலப்பில்லாத சாதாரண ஓ.பி.சி. சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் காக்க வேண்டும் (கியூரிங்), பி.பி.சி. போன்ற கலப்பு சிமென்ட்டுக்கும் வெயில் வறட்சிக்கும் 10 நாள், 14 வரை நீட்டுவது நல்லது. சென்னையில் வீட்டு வேலைகளில் பி.பி.சி. அதிகம் புழங்குவதால் 7 என்ற எண்ணை மறந்துவிடலாம். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது, தூணுக்குச் சணல் சாக்கு சுற்றி நனைப்பது எல்லாம் வாட்ச்மேன் கையால் நடக்கும். பதில் சொல்ல வேண்டியவர் வாட்ச்மேன் இல்லை, சைட் இன்ஜினியர். தண்ணீர் இல்லாமல் வாட்ச்மேன் என்ன செய்வார்? ஏப்ரல், மே மாதங்களில் போர்வெல்லில் தண்ணீர் மட்டம் இறங்கினால் டேங்கர் லாரி யார் வாங்குவது, தற்காலிக ஈ.பி. இணைப்பின் பில்லை யார் கட்டுவது என்று எழுதாததால்தான் கியூரிங் நின்றுபோகிறது. ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் விடுமுறையும் இந்தக் கணக்கில் உண்டு. ஆட்கள் ஊருக்குப் போகும் நாட்களுக்கு மாற்று ஆள் பெயர் வேண்டும்.

முட்டு பிரிப்பதில் ஒரு கொள்கை: சீக்கிரம் முடிந்தால் யாருக்கு லாபமோ, அவரிடம் அந்த முடிவு இருக்கக் கூடாது. சென்டரிங்காரருக்குப் பலகையும் ஜாக்கியும் அடுத்த சைட்டுக்கு வேண்டும், கான்ட்ராக்டருக்கு வாடகை மிச்சமாகும், வீட்டுக்காரருக்கு வீடு சீக்கிரம் முடிய வேண்டும். எனவே மூவரும் இல்லாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் ஒரு வரி அனுமதி வந்த பிறகே பிரிக்க வேண்டும். ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்ச நாட்கள்: 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்தின் முட்டுக்கு 7 நாள், அதற்கு மேல் 14. 6 மீட்டர் வரையுள்ள பீமின் முட்டுக்கு 14, அதற்கு மேல் 21. இவை ஓ.பி.சி.க்கான நாட்கள், கலப்பு சிமென்ட் என்றால் இன்ஜினியர் கூட்டிச் சொல்லலாம். மேல் தளத்துக்குச் செங்கல் ஏற்றி அடுக்குவதும் இதே அனுமதிக்குள் வர வேண்டும்.

பாத்ரூம்

ஒழுகும் பாத்ரூமைப் பற்றி பிளம்பர், வாட்டர்புரூஃபிங் ஆள், டைல்ஸ் ஆள் மூவரையும் தனித்தனியே கேட்டால் மூவரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்ததாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. பூச்சு முடிந்து தண்ணீர் கட்டிச் சோதித்த பிறகு, விட்டுப்போன ஒரு குழாய்க்காக பிளம்பர் ஓட்டை போட்டிருப்பார். அதை அடைத்தது சாதாரண சிமென்ட். ஆகவே வரிசை இப்படி: பிளம்பர் எல்லாக் குழாயும் வைத்து அழுத்தச் சோதனை முடித்துக் கையெழுத்து, பிறகு வாட்டர்புரூஃபிங், பிறகு 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழ்த்தளத்திலிருந்து பார்ப்பது, பார்த்தவர் பெயரும் படமும். அன்றிலிருந்து எழுத்தில் அனுமதி இல்லாமல் அந்த அறையில் யாரும் டிரில் தொடக் கூடாது. மூவரையும் வெவ்வேறு இடங்களிலிருந்து வீட்டுக்காரரே அமர்த்துவதைவிட, மூவருக்கும் சேர்த்து கான்ட்ராக்டர் ஒருவரைப் பொறுப்பாக்குவது நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. ரேட் கொஞ்சம் கூடும். ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி இருக்காது.

மழைநீர் சேகரிப்பும் இப்படி மூன்று கைகளில் சிதறுவதுதான். தமிழ்நாட்டில் 2003 முதல் அது கட்டாயம். மாடியின் சரிவு மேஸ்திரி கையில், குழாய் பிளம்பர் கையில், குழியின் இடம் ஆர்க்கிடெக்ட் கையில். சரிவு பார்க்க ஒரு வாளி தண்ணீரை மூலையில் ஊற்றிச் சோதிப்பது சைட் இன்ஜினியர் பெயரில் இருக்கட்டும், ஓடு பதிப்பதற்கு முன்.

மாற்றங்களும் வாட்ஸ்அப்பும்

வாட்ஸ்அப் குரூப் படம் அனுப்ப நல்லது, முடிவெடுக்க உதவாது. கட்டைவிரல் உயர்த்திய சின்னம் சம்மதமா, பார்த்தேன் என்பதா என்று பிறகு வாதாட முடியாது. எந்த மாற்றத்துக்கும் ஒரு துண்டுச்சீட்டு: என்ன மாற்றம், ஏன், எவ்வளவு பணம், எத்தனை நாள். கீழே வீட்டுக்காரரும் கான்ட்ராக்டரும் கையெழுத்து. சுவரையோ தூணையோ பீமையோ தொடும் மாற்றம் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தும். அதைப் படம் எடுத்து குரூப்பில் போடலாம். புது வரைபடம் வந்ததும் பழைய தாளை சைட்டிலிருந்து எடுத்துக் கிழித்துப் போடுவது யார் என்பதையும் எழுதுங்கள். பழைய தாளைப் பார்த்துக் கட்டிய சுவர்கள் இந்த ஊரில் நிறைய.

அட்டவணையை வீட்டுக்காரரும் கான்ட்ராக்டரும் மட்டும் உட்கார்ந்து எழுதினால் அது காகிதத்தோடு நின்றுவிடும். பூமி பூஜைக்கு ஒரு வாரம் முன்பு ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், சைட் இன்ஜினியர், மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லோரையும் ஒரே மேசையில் இரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள். ஒவ்வொரு வரிசையையும் உரக்கப் படித்து, பெயர் வந்தவர் 'ஆமாம்' என்ற பிறகே அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். மேஸ்திரியைப் பேசவிடுங்கள்; எந்த இடத்தில் யார் யாருக்காகக் காத்திருக்க நேரும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். சிலருக்குப் படிக்கச் சிரமம் இருக்கலாம், அதனால் அட்டவணை தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு தளம் முடிந்ததும் அரை மணி நேரம் திரும்பப் பார்த்தால் போதும்.

பணமும் இதே அட்டவணையோடு கட்டப்பட வேண்டும். பேஸ்மென்ட், லிண்டல், தளம், பூச்சு என்று ஸ்டேஜ் வாரியாகக் கொடுக்கும்போது, அந்த ஸ்டேஜின் எல்லா வரிசைகளிலும் 'முடிந்தது' கையெழுத்து விழுந்த பிறகே தொகை. விழுந்தால் ஐந்து நாட்களுக்குள் தொகை. வங்கிக் கடன் என்றால் வங்கியின் பொறியாளர் வந்து பார்ப்பதற்கு ஆகும் நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரை அழைப்பது வீட்டுக்காரர் வேலை. கடைசி 5 சதவீதத்தைச் சாவி வாங்கும் நாளில் கொடுத்து முடிக்காமல், ஒரு வடகிழக்குப் பருவமழை முழுதாகப் பெய்து ஓய்ந்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மாடி, சன்ஷேட், ஜன்னல் ஓரம், பாத்ரூம் வெளிச்சுவர் ஆகிய நான்கையும் மழை நடுவில் ஒருமுறையும் மழை முடிந்து ஒருமுறையும் கான்ட்ராக்டரும் வீட்டுக்காரரும் சேர்ந்து சுற்றிப் பார்க்க வேண்டும். குறைப் பட்டியல் எழுதுவது சைட் இன்ஜினியர், சரிசெய்ய 15 நாள், அதன் பிறகு மீதித் தொகை.